முதல் சுரங்கவழியை நோயாளியின் கண்ணில் வெட்ட வேண்டாம்: கண்புரைப் பயிற்சி குறித்து ஒரு திறந்த மடல்

பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் கண் மருத்துவக் கற்கைக் குழுவினருக்கும், சுகாதார அமைச்சின் பொறுப்பதிகாரிகளுக்கும், மத்திய, ஊவா மாகாண சுகாதாரத் திணைக்களங்களுக்கும்

வணக்கம்.

கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் கண்புரை சத்திரசிகிச்சை செய்வதும் அதை இளம் வைத்தியர்களுக்குப் பழக்குவதும் எங்கள் அன்றாட வேலை. உங்களிடம் கேட்பது ஒன்றுதான். மலையகத்தில் பயிற்சி பெற வரும் கண் வைத்தியர் யாராக இருந்தாலும், தையலில்லாச் சிறுவெட்டு முறையை (வெள்ளைவிழியில் சுரங்கம்போல ஒரு வழி வெட்டி அதன் வழியே புரையை எடுக்கும் முறை) ஃபோம் தாளிலும் செயற்கைக் கண்ணிலும் ஆட்டுக் கண்ணிலும் தேறிய பிறகே மனிதக் கண்ணில் கத்தி வைக்க வேண்டும். அப்படித் தேறுவதற்கான பயிற்சிக் கூடம் மலையகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். இதை ஏன் கேட்கிறோம், எப்படிச் செய்யலாம் என்பதைக் கீழே விரிவாகவே எழுதுகிறோம். சுருக்கி எழுதினால் இது ஒரு சாதாரண நிதிக் கோரிக்கையாகிக் கோப்புக்குள் போய்விடும்.

முதலில் சிறுவெட்டு முறையைப் பற்றி. இயந்திர அதிர்வால் வில்லையை உடைத்து உறிஞ்சும் ஃபேகோ முறை வந்த பிறகு இது பழைய முறை, வசதி இல்லாத இடத்துக்கு உரியது என்ற எண்ணம் பயிலுநர்களிடம் இருக்கிறது. பயிற்றுநர்கள் சிலரிடமும் இருக்கிறது. அந்த எண்ணத்தோடு மலையகத்துக்கு வருபவர் முதல் மாதத்திலேயே தடுமாறுகிறார். தோட்டத்தில் வேலை செய்யும் அம்மா ஒரு கண் மங்கினால் மறுகண்ணை வைத்துக்கொண்டு கொழுந்து பறிப்பார். அதுவும் மங்கி, முற்றிய இலைக்கும் கொழுந்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போய், கூடையின் நிறை குறையும்போதுதான் டிஸ்பென்சரிக்குப் போவார். அங்கிருந்து கடிதம் வாங்கி, ஒரு நாள் பேரை (நாட்கூலியை) விட்டுவிட்டு, பஸ் ஏறி எங்களிடம் வரும்போது வில்லை பால்போல வெளுத்திருக்கும், அல்லது கடுங்கபிலமாகி மரக்கட்டைபோல இறுகியிருக்கும். வெளுத்த வில்லை ஊதிப்போய்க் கண் அழுத்தம் ஏறிய நிலையில் வருபவர்களும் உண்டு. கண்டி மாவட்டத்தில் 40 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த கண்டி கண் ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கண்புரை இருந்தது. எல்லோருக்கும் உடனே சத்திரசிகிச்சை தேவைப்படாது. ஆனால் தேவைப்படுபவர் வந்து சேரும்போது புரை முற்றியிருப்பதுதான் இங்கே வழக்கம்.

இறுகிய வில்லையை ஃபேகோவில் உடைக்க அதிக நேரம் அதிக அதிர்வுச் சக்தி செலவாகும். அந்தச் சக்தி கருவிழியின் (கண்ணின் முன்புறத் தெளிந்த படலத்தின்) உட்புறக் கலங்களைக் கொல்கிறது. அந்தக் கலங்கள் மீண்டும் வளர்வதில்லை. தேர்ந்த கைக்கே கடினமான இந்த வேலையைப் பயிலுநரின் கையில் கொடுத்தால், புரை போன கண்ணில் கருவிழி வீங்கிப் பார்வை மறுபடி மறையும். சிறுவெட்டு முறையில் வில்லையின் இறுகிய நடுப்பகுதியான கருவை உடைக்க வேண்டியதில்லை, முழுதாகவே வெளியே எடுத்துவிடலாம். நேபாளத்தில் 108 நோயாளிகளை இரு பிரிவாக்கி, இரண்டு முறைகளிலும் கைதேர்ந்தவர்களே செய்து பார்த்த ஆய்வு 2007இல் வெளியானது. ஆறு மாதம் கழித்துக் கண்ணாடியோடு பார்த்தபோது இரு பிரிவிலும் 98 சதவீதத்தினருக்கு 6/18 (சாதாரணக் கண் 18 மீற்றரில் காண்பதை 6 மீற்றரில் காண்பது) அல்லது அதைவிட நல்ல பார்வை. ஒரு கண்ணுக்குச் செலவான சராசரி நேரம் ஃபேகோவில் பதினைந்தரை நிமிடம், சிறுவெட்டில் 9 நிமிடம். அங்கே வந்தவையும் நம் மலையகத்தில் வருவதைப் போன்ற முற்றிய புரைகள்தாம்.

ஃபேகோ வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஃபேகோ மட்டும் தெரிந்தவர், பாதியில் மின்சாரம் போனாலோ, இயந்திரம் நின்றாலோ, கரு உடையாவிட்டாலோ, வழி தெரியாமல் நிற்கிறார். சிறுவெட்டு தெரிந்தவர் பக்கவாட்டு வெட்டை மூடிவிட்டு மேற்புறத்தில் புதிதாக ஒரு சுரங்கவழி வெட்டிக் கருவை எடுத்துவிடுவார். எந்தக் கண்ணிலும் இடைவழியில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க இந்தத் திறமை வேண்டும். ஆகவே இதை முதலில் பழக்கி, ஃபேகோவை அதன் பிறகு பழக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இந்த முறையின் உயிர் சுரங்கவழியில் இருக்கிறது. கருவிழியின் விளிம்பிலிருந்து ஒன்றரை முதல் 2 மி.மீ. பின்னால், வெள்ளைவிழியில், சுளித்த உதடுபோல வளைந்த ஒரு வெட்டு. நீளம் 6 முதல் ஆறரை மி.மீ., ஆழம் வெள்ளைவிழித் தடிப்பில் பாதி, அதாவது ஏறத்தாழ 0.3 மி.மீ. அங்கிருந்து கிரெசன்ட் கத்தியால் முன்னோக்கிப் படலத்தைப் பிளந்துகொண்டு போய், தெளிந்த கருவிழிக்குள் ஒன்று முதல் ஒன்றரை மி.மீ. வரை நுழைய வேண்டும். உள்வாய் வெளிவாயைவிட அகலமாக, 8 முதல் 9 மி.மீ. இருக்கும். சரியாக அமைந்தால் கண்ணின் அழுத்தமே உள்வாயை மூடிவிடும், தையல் வேண்டியதில்லை.

கத்தி எந்த ஆழத்தில் போகிறது என்பதற்குக் கண்ணால் பார்த்தே ஓர் அளவு உண்டு. படலத்துக்கு அடியில் கத்தியின் உருவம் மங்கலாகத் தெரிந்தால் ஆழம் சரி. பளிச்சென்று மினுங்கினால் கத்தி மேலே ஏறிவிட்டது, இன்னும் இரண்டு அசைவில் கூரையில் ஓட்டை விழும். உருவமே மறைந்தால் ஆழமாகிவிட்டது, கருவிழியை எட்டும் முன்பே கண்ணுக்குள் புகுந்துவிடும், கதிராளி (பாவையைச் சுற்றியுள்ள நிறப் படலம்) பிதுங்கி வெளியே வரும். இன்னொரு இடத்திலும் பலர் தவறுகிறார்கள். வெள்ளைவிழியின் வளைவு தட்டையானது, கருவிழியின் வளைவு குவிந்தது. விளிம்பைக் கடக்கும்போது கத்தியின் பிடியைச் சற்றுத் தாழ்த்தி நுனியை உயர்த்தாவிட்டால், நேராகப் போகும் கத்தி உள்ளே இறங்கிவிடும். இதைச் சொல்லிக் கொடுத்துப் புரியவைப்பது கடினம். கை முப்பது தடவை செய்து பார்த்தால்தான் பிடிபடும். அந்த முப்பதும் யாருடைய கண்ணிலும் நடக்க வேண்டியதில்லை என்பதுதான் இந்த மடல்.

கூரையில் ஓட்டை விழுந்தால் அதே தளத்தில் தொடரக் கூடாது. வெட்டின் மறுமுனைக்குப் போய் இன்னும் ஆழமான தளத்தில் புதிதாகத் தொடங்க வேண்டும். முன்கூட்டியே உள்ளே புகுந்துவிட்டால் அந்த இடத்தைத் தைத்து மூடிவிட்டு வேறிடம் தேட வேண்டும். இந்த இரண்டையும் வேண்டுமென்றே தவறாக வெட்டிச் சரிசெய்து பழகுவது பயிற்சிக் கூடத்தில் மட்டுமே முடியும். தியேட்டரில் அதற்கு இடமில்லை, இருக்கவும் கூடாது.

பயிற்சிக் கூடம் என்றதும் கோடிக்கணக்கில் விலைபோகும், சத்திரசிகிச்சையைக் கணினியில் போலச் செய்து பழக்கும் இயந்திரத்தை யாரும் நினைக்க வேண்டாம். அது கிடைத்தால் நல்லது. பிரித்தானியாவில் அத்தகைய இயந்திரம் பரவலாகக் கிடைக்கத் தொடங்கிய 2009 முதல் 2015 வரையான காலத்தில், முதல் இரண்டு ஆண்டுப் பயிலுநர்கள் செய்த சத்திரசிகிச்சைகளில் பின்புறப் பை (வில்லையைச் சுற்றியுள்ள பையின் பின்சுவர்) கிழிவது 4.2 சதவீதத்திலிருந்து 2.6 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் நமக்கு அதைவிட நெருக்கமான சான்று ஆபிரிக்காவிலிருந்து வந்தது. 2021இல் வெளியான அந்த ஆய்வில் கண் மருத்துவப் பயிலுநர்களைச் சீட்டுக் குலுக்கியதுபோல இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குச் செயற்கைக் கண்களைக் கொண்டு ஐந்து நாள் தீவிரச் சிறுவெட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். மறுபிரிவு வழக்கம்போல் பயின்றது. அடுத்த ஓராண்டில் அவர்கள் நோயாளிகளுக்குச் செய்தவற்றைக் கணக்கிட்டபோது, பயிற்சி பெற்ற பிரிவில் பின்புறப் பை கிழிந்தது 7.8 சதவீதம், மற்றப் பிரிவில் 26.6 சதவீதம். வெறும் ஐந்து நாள். வழக்கமான பயிற்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு கண் கிழிந்திருக்கிறது என்ற எண்ணைப் படித்த பிறகும் வழக்கமான பயிற்சியையே தொடர்வது நியாயமா என்று உங்களைக் கேட்கிறோம்.

இங்கே தொடங்குவதற்கு வேண்டியவை எளிமையானவை. பாடசாலைப் பிள்ளைகள் கைவேலைக்கு வாங்கும் 2 மி.மீ. ஃபோம் தாளை வளைவான ஒரு பரப்பில் ஒட்டினால் சுரங்கவழி பழகலாம். கத்தி மங்கலாகத் தெரிவது, பளிச்சிடுவது, மறைவது மூன்றும் வெளிர்நிறத் தாளில் நன்றாகவே தெரியும். ரெக்சிஸுக்கு, அதாவது வில்லைப் பையின் முன்புறத்தில் வட்டமாக வாசல் திறப்பதற்கு, தக்காளித் தோலைக் காட்டுவது வழக்கம். எங்களுக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. தோல் தடிப்பானது, வில்லைப் பையைப்போல இழுபடாது. மடிப்பை எங்கே பிடிப்பது, எப்போது விட்டுப் பிடிப்பது என்பது வரை கற்றுக்கொடுக்கும், அவ்வளவுதான். தைப்பதற்குப் பழைய கையுறையை ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டினால் போதும்.

அடுத்தது ஆட்டுக் கண். கண்டியிலும் ஹட்டனிலும் பதுளையிலும் ஆட்டிறைச்சிக் கடையில் சொல்லிவைத்தால் கிடைக்கும். பன்றிக் கண்ணையும் பல நாடுகளில் பாவிக்கிறார்கள். ஆனால் நம் தாதியர், பயிலுநர் எல்லோரும் சங்கடமின்றித் தொடக்கூடியது ஆட்டுக் கண்தான். தலையைச் சுடுநீரில் போடும் முன்பே கண்ணை எடுத்துவிட வேண்டும், இல்லையேல் கருவிழி வெளுத்து உள்ளே எதுவும் தெரியாது. ஈரத்துணியில் சுற்றி மூடிய டப்பாவில் 4 பாகை குளிரில் வைத்து, மறுநாளைக்குள் பாவித்துவிட வேண்டும். உறைய வைக்கக் கூடாது. கண் தளர்ந்திருந்தால் பின்புற நரம்பின் வழியாக ஊசியால் சேலைன் ஏற்றி, விரலால் தொட்டால் உயிருள்ள கண்ணைப்போல இறுகும்வரை நிரப்ப வேண்டும். தளர்ந்த கண்ணில் வெட்டிப் பழகுபவர் கத்தியை அழுத்தப் பழகிவிடுவார். அந்தப் பழக்கம் பிறகு மனிதக் கண்ணில் வரும். ஸ்டைரோஃபோம் தலையில் குழி தோண்டிக் கண்ணை வைத்து நான்கு குண்டூசியால் குத்தினால் அசையாது. மூக்கும் புருவமும் உள்ள தலையாக இருப்பது முக்கியம். வெறும் மேசையில் வைத்த கண்ணில் பழகிய கை, உண்மையான ஆளின் புருவத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்.

ஆட்டின் வில்லை மென்மையானது, பை மனிதனுடையதைவிடத் தடிப்பும் நெகிழ்வும் கூடியது. ரெக்சிஸ் அதில் வெளிப்பக்கமாக ஓடவே பார்க்கும். இது குறைதான். ஆனாலும் ஓடுவதை மீட்கப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை. கருவை இறுக்க, கண்ணைச் சில நொடிகள் மைக்ரோவேவில் வைப்பதுண்டு. அதற்கென்று தனி அடுப்பு வேண்டும், தேநீர் சூடாக்கும் அடுப்பில் அல்ல. வேலை முடிந்த கண்கள் மருத்துவக் கழிவோடு போக வேண்டும். விலங்குக் கண்ணுக்குப் பாவித்த கருவிகள் எந்தக் காரணம் கொண்டும் தியேட்டர்த் தட்டுக்குத் திரும்பக் கூடாது. அவற்றுக்கு நிறம் பூசி அடையாளமிட வேண்டும்.

ரெக்சிஸ் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலையகத்தில் பயிலுநர் அதிகம் பயப்பட வேண்டிய இடம் அது. வில்லையின் முன்புறப் பையில் ஐந்தரை முதல் 6 மி.மீ. விட்டத்தில் வட்டமாக ஒரு வாசல் திறக்கிறோம். கரு பெரிதாக இருந்தால் இன்னும் சற்று அகலம் வேண்டும். வாசல் சிறிதாகிப்போனால் கரு வெளியே வராது. பலவந்தமாகத் தூக்கினால் வில்லையைப் பிடித்திருக்கும் நூலிழைகள் அறுந்து, பையோடு சேர்ந்தே வந்துவிடும். ஆகவே சிறிதானால் விளிம்பில் இரண்டு மூன்று சிறு வெட்டுப் போட்டுத் தளர்த்த வேண்டும். இதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. வெளுத்த புரையில் உள்ளே சிவப்பு ஒளி தெரியாது, பை எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. டிரைபன் நீலம் 0.06 சதவீதக் கரைசலைக் காற்றுக் குமிழிக்கு அடியில் விட்டுக் கழுவினால் பை நீலமாகத் தெரியும். ஊதிய வெள்ளைப் புரையில் உள்ளே திரவம் அழுத்தத்தில் இருக்கிறது. பையை ஊசியால் குத்திய கணமே அது இரண்டு பக்கமும் விளிம்புவரை கிழிந்து, நீலத்துக்கு நடுவே வெள்ளைக் கோடாக நிற்கும். ஆர்ஜென்டினாவின் கொடி என்றே உலகமெங்கும் கண் வைத்தியர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதைத் தவிர்க்க, முதலில் முன்னறையை (கருவிழிக்கும் கதிராளிக்கும் இடையிலான வெளியை) விஸ்கோ என்ற தடித்த கூழால் இறுக நிரப்பி, நடுவில் 26 அளவு ஊசியால் சிறிதாகக் குத்திப் பால் போன்ற திரவத்தை உறிஞ்சி எடுத்து, அழுத்தம் இறங்கிய பிறகே வட்டம் போடத் தொடங்க வேண்டும். கிழிவு வெளியே ஓடுவதுபோல் தெரிந்தால் கை நிற்க வேண்டும். விஸ்கோ இன்னும் ஏற்றி, மடிந்திருக்கும் பையைப் பழையபடி விரித்துப் படுக்கவைத்து, வந்த வழியே பின்னோக்கியும் நடுவை நோக்கியும் இழுக்க வேண்டும். லிட்டில் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 2006இல் விவரித்த மீட்பு இது. இதைப் படத்தில் பார்த்தவர் ஆயிரம் பேர் இருப்பார்கள். கையால் செய்தவர் சிலரே.

பின்புறப் பையின் நடுப்பகுதித் தடிப்பு ஏறத்தாழ 4 மைக்ரோன். தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிப்பு. அது கிழிந்தால் பயிலுநர் செய்யும் முதல் தவறு கருவியைச் சட்டென்று வெளியே இழுப்பது. இழுத்த வேகத்தில் முன்னறை சுருங்கி, பின்னால் கண்ணை நிரப்பியுள்ள விட்ரியஸ் என்ற கூழ் கிழிசல் வழியே பொங்கி வரும், சிறு கிழிசல் பெருங்கிழிசலாகும். கருவி உள்ளே அசையாமல் நிற்க, மறுகையால் பக்கத்துளை வழியே விஸ்கோ ஏற்றிவிட்டுப் பிறகுதான் அதை வெளியே எடுக்க வேண்டும். வந்த விட்ரியஸைப் பஞ்சால் இழுக்கக் கூடாது, இழுத்தால் விழித்திரையும் இழுபடும். விட்ரெக்டோமி இயந்திரத்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். கரு பின்னால் விழுந்துவிட்டால் துரத்திப் போகக் கூடாது. முன்புறத்தைச் சுத்தம் செய்து மூடி, விழித்திரை நிபுணரிடம் அனுப்ப வேண்டும். இவையெல்லாம் எல்லாப் பயிலுநர்களும் பரீட்சையில் சரியாக எழுதுபவை. கருவியை உள்ளேயே வைத்துக்கொண்டு மறுகையை நீட்டும் அந்த ஒரு அசைவு மட்டும் பரீட்சைத் தாளால் வராது. பயிற்சிக் கூடத்தில் தாதி "இப்போது கிழிந்துவிட்டது" என்று எதிர்பாராத நேரத்தில் சொல்ல, கை தானாக அதைச் செய்யும்வரை பழக வேண்டும்.

தியேட்டருக்குள் எந்த வரிசையில் விடுவது என்பதில் எங்கள் கருத்து இதுதான். முதலிலிருந்து முடிவுக்கு அல்ல, முடிவிலிருந்து முதலுக்கு. முதல் பத்துக் கண்களில் பயிலுநர் கடைசி வேலைகளை மட்டும் செய்யட்டும்: விஸ்கோவைக் கழுவி எடுத்து, பக்கத்துளைக்கு நீரேற்றி மூடி, கசிவு பார்ப்பது. அடுத்து செயற்கை வில்லையைப் பைக்குள் இருத்துவது. அடுத்து சிம்கோ கனுலா என்ற மெல்லிய குழாயால், கருவைச் சுற்றியிருந்த மென்பகுதியான மேற்பட்டையின் மிச்சத்தை உறிஞ்சுவது. அதன் பிறகு சுரங்கவழி, அதன் பிறகு கருவை முன்னறைக்குச் சுழற்றி எழுப்பி வெக்டிஸ் என்ற கரண்டி போன்ற கருவியால் எடுப்பது. ரெக்சிஸ் கடைசியில். ஒவ்வொரு படியிலும் பத்துக் கண்ணாவது பிழையின்றிச் செய்த பிறகே அடுத்த படி. முதல் படியிலிருந்தே முழுக் கண்ணையும் கையில் கொடுத்தால், மூன்றாம் படியில் கெடுத்துவிட்டு மிச்சத்தைப் பயிற்றுநரிடம் கொடுத்துவிடுவார். கடைசிப் படிகள் அவர் கைக்கு வரவே வராது. முடிவை நன்றாகப் பழகியவருக்கு முன்படிகள் எப்படி அமைந்திருக்க வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

கண்ணைத் தெரிவு செய்வதும் பயிற்றுநரின் கடமை. முதல் இருபதுக்குள் ஒற்றைக் கண்ணர், விரியாத பாவை உள்ளவர், பாவை விளிம்பில் வெண்பொடி படிந்தவர், ஆழத்தில் பதிந்த கண்ணர், நிற்காத இருமல் உள்ளவர் வரக் கூடாது. அடுப்புப் புகையோடு ஆயுளைக் கழித்த முதியவர்கள் தட்டையாகப் படுக்க முடியாமல் இருமுவார்கள். அதை முதல் நாளே படுக்கவைத்துப் பார்த்துவிட வேண்டும். பயிலுநர் கையிலிருந்து எப்போது வேலையைத் திரும்ப வாங்குவது என்பதும் முன்கூட்டியே பேசி முடிவாகியிருக்க வேண்டும். சுரங்கவழிக்கு 10 நிமிடம், அல்லது இரண்டு முயற்சி. ரெக்சிஸ் வெளியே ஓடினால் உடனே. கதிராளி பிதுங்கினால் உடனே. கையை மாற்றுவது தண்டனையல்ல என்பது இருவருக்கும் தெரிந்திருந்தால், ஒரு நிமிடம் முன்பே மாறிவிடும். அந்த ஒரு நிமிடத்தில்தான் பல கண்கள் போகின்றன.

நோயாளி விழித்திருக்கிறார் என்பதையும் மறந்துவிடுகிறோம். கண்ணுக்கு மட்டுமே மரத்துப்போகும் ஊசி. துணிக்கு அடியில் படுத்திருக்கும் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். "அய்யோ", "பிழையாகிவிட்டது", "கிழிந்தது" என்ற சொற்கள் எந்த மொழியில் வந்தாலும் அவருக்கு விளங்கும். விளங்கினால் கண்ணை இறுக்குவார், மூச்சை அடக்குவார், அந்த அழுத்தத்தில் விட்ரியஸ் பொங்கும். பயிற்றுநரும் பயிலுநரும் படிகளுக்கு எண்கள் வைத்துப் பேசிக்கொள்ளலாம். "நான்கில் நில்லுங்கள்" என்றால் அதில் பயப்பட ஒன்றுமில்லை.

இங்கே வரும் பயிலுநர்களில் பெரும்பாலானோருக்குத் தமிழ் தெரியாது, எங்கள் நோயாளிகளில் பலருக்குச் சிங்களம் அரைகுறை. இது குற்றச்சாட்டல்ல. பன்னிரண்டு வாக்கியங்களை ஒரு வாரத்தில் கற்றுக்கொடுத்துத் தீர்க்கலாம். ஊசி பிடித்துவிட்டதா என்று பார்க்க: "அம்மா, மேலே பாருங்க. இப்ப கீழே பாருங்க. தலையை அசைக்காம கண்ணை மட்டும்." கண் நகர்ந்தால் ஊசி போதவில்லை. "தலையை அசைக்காம" என்பதை விட்டுவிட்டால் முழுத் தலையும் திரும்பும், அதுவரை பிடித்திருந்த நிலை கெடும். வேலை நடக்கும்போது: "கண்ணை இறுக்காதீங்க. மூச்சை அடக்காதீங்க, நல்லா விடுங்க. இருமல் வந்தா வாயால சொல்லுங்க, கையைத் தூக்காதீங்க." இவற்றைச் சரியான உச்சரிப்போடு, அவசரமில்லாத குரலில் சொல்லத் தெரிந்தவரையே தியேட்டருக்குள் விட வேண்டும். சம்மதம் வாங்கும்போதும் அப்படியே. இன்ன பகுதியைப் பயிலும் டொக்டர் செய்வார், பெரிய டொக்டர் பக்கத்திலேயே இருப்பார் என்று நோயாளிக்கு அவருடைய மொழியில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் அதைக் குறித்துவிட்டுப் பயிற்றுநரே செய்ய வேண்டும்.

மலையில் மட்டும் பிழையாகும் ஒரு விடயத்தையும் பயிற்சியில் சேர்க்க வேண்டும். அழுத்தமானியை மட்டும் பார்த்து இயக்கும் எளிய ஓட்டோகிளேவில் (கருவிகளின் கிருமி நீக்கும் நீராவிக் கலத்தில்) சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் காட்டினால் உள்ளே 121 பாகை என்பது கடல் மட்டத்துக்கான கணக்கு. 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் வெளியே காற்றழுத்தம் குறைவு. அதே 15 இறாத்தலில் உள்ளே வெப்பம் ஏறத்தாழ 118 பாகைதான். ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் அரை இறாத்தல் கூட்டினால் சரியாகும். இங்கே ஏறத்தாழ 3 இறாத்தல், அதாவது 18. இயந்திரம் அந்த அழுத்தத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். தாங்காது என்றால் நேரத்தைக் கூட்டி, இரசாயனக் குறிகாட்டியும் உயிரியல் குறிகாட்டியும் வைத்துச் சரிபார்க்க வேண்டும். வெப்பத்தையே அளந்து இயங்கும் புதிய இயந்திரங்களில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் முகாம்களுக்கும் சிறிய வைத்தியசாலைகளுக்கும் கொண்டுபோவது பெரும்பாலும் பழைய வகைதான். கனுலாக்களுக்குள் காய்ந்த விஸ்கோ தங்கிவிடாமல் வேலை முடிந்த உடனே காய்ச்சி வடித்த நீரால் கழுவ வேண்டும். தங்கிய மிச்சம் மறுநாளே கண்ணைக் கலங்கடிக்கும். அது கிருமித் தொற்றல்ல, ஆனால் தொற்றைப் போலவே இருக்கும். தொற்று பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குப் பிறகு, வலியோடு வரும். தொடங்கும் முன் 5 சதவீத பொவிடோன் அயோடினைக் கண்ணின் மேற்பரப்பில் விட்டு 3 நிமிடம் காத்திருப்பதும், முடிவில் முன்னறைக்குள் 1 மி.கி. செஃபியூரொக்சிம் விடுவதும் எங்கே பயிற்சி நடந்தாலும் மாறாத விதிகளாக இருக்கட்டும்.

தேர்ச்சியை எப்படி அளப்பது? எத்தனை கண் செய்தார் என்ற எண்ணிக்கையால் மட்டும் முடியாது. சர்வதேச கண் மருத்துவ மன்றம் சிறுவெட்டுக்கும் ஃபேகோவுக்கும் தனித்தனியே 20 தலைப்புகள் கொண்ட மதிப்பீட்டுத் தாள்கள் வைத்திருக்கிறது. ஒவ்வொரு தலைப்பிலும் புதியவர் முதல் தேர்ந்தவர் வரை நான்கு படிகள், ஒவ்வொரு படியிலும் கை எப்படி இருக்கும் என்ற விவரிப்போடு. அதைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு, மாதம் மூன்று கண்களுக்காவது நிரப்பினால் எங்கே தேங்கி நிற்கிறார் என்று தெரியும். நுணுக்குக்காட்டியின் பார்வைக் குழாயில் கைபேசியைப் பொருத்திப் படம் பிடிப்பதற்குச் செலவு மிகக் குறைவு.

கையைவிட முக்கியம் கண் எப்படிப் பார்க்கிறது என்பது. மஸ்கெலியாவிலிருந்தோ ஹப்புத்தளையிலிருந்தோ வந்தவர் மறுநாள் கட்டுப் பிரித்ததும் போய்விடுவார். ஒரு வாரத்தில் வருவது பேர் இழப்பு, ஒரு மாதத்தில் வருவது மண்சரிவால் பாதை மூடியதால் நின்றுபோகும். பயிலுநர் தான் செய்த கண் என்னவானது என்று தெரியாமலே இங்கிருந்து மாறிப் போவார். உலக சுகாதார நிறுவனம் நீண்ட காலமாகச் சொல்லிவந்த அளவு, சத்திரசிகிச்சைக்குப் பிறகு 80 சதவீதத்துக்குக் குறையாதவர்களுக்கு 6/18 அல்லது நல்ல பார்வை, 6/60க்குக் கீழே 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது. இந்த அளவுக்குள் வருகிறோமா என்று பார்க்க வேண்டுமானால், முப்பதாம் நாள் பார்வையை நோயாளியின் தோட்ட டிஸ்பென்சரியிலேயே அளக்க வேண்டும். 6 மீற்றர் கயிறும் ஓர் எழுத்துப் பலகையும் போதும். தோட்ட வைத்திய உதவியாளர் எண்ணை அனுப்பினால் பயிலுநரின் பதிவேட்டில் ஏறும். வில்லையின் வலு தவறியிருக்கிறதா என்பதும் அப்போது தெரியும். கண்ணின் நீளத்தை அளக்கும்போது கருவியால் கருவிழியை அழுத்தி 1 மி.மீ. குறைத்துவிட்டாலே வில்லையின் வலு இரண்டரை முதல் 3 டயொப்டர் வரை பிழையாகும். மலைப்பாதையில் நடக்கும் ஒருவருக்கு அது சின்னப் பிழையல்ல.

ஆகவே கேட்பவை: கண்டியிலும் பதுளையிலும் ஒவ்வொரு பயிற்சி அறை. ஒவ்வொன்றிலும் பெடலால் இயங்கும் இரண்டு நுணுக்குக்காட்டிகள், ஒன்றிலாவது பயிற்றுநர் பார்க்கத் துணைக் குழாயும் திரையும். நான்கு கருவித் தொகுதிகள், ஒரு சிறு குளிர்சாதனப் பெட்டி. காலாவதியான விஸ்கோவையும் வில்லைகளையும் எறிந்துவிடாமல் அங்கே அனுப்ப ஒரு சுற்றறிக்கை. இங்கே ஈரமும் குளிரும் அதிகம், கண்ணாடிகளுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே சிலிக்கா ஜெல்லும், அதை மாதம் ஒரு முறை காயவைத்து மாற்றப் பெயர் குறித்த ஒரு பொறுப்பாளரும் வேண்டும். பயிற்றுநருக்கு வாரத்தில் அரை நாள் வேறு கடமையின்றி ஒதுக்கப்பட வேண்டும். அந்த நேரத்துக்கு வெளிநோயாளர் பிரிவை யார் பார்ப்பது என்பதை நியமனக் கடிதத்திலேயே எழுத வேண்டும், இல்லாவிட்டால் அந்த அரை நாள் காகிதத்தில் மட்டும் இருக்கும். மதிப்பீட்டுத் தாளில் தேறாதவருக்கு மனிதக் கண்ணில் முதல் சுரங்கவழி இல்லை என்ற விதியைக் கற்கைக் குழு எழுத்தில் வைக்க வேண்டும்.

இன்னும் ஒன்று, சிறியதாகத் தெரிந்தாலும். பயிலுநர் வார்ட் வேலை முடிந்து ஓய்வாவது இரவு எட்டு மணிக்கு. அந்த நேரத்தில் அறை பூட்டியிருந்தால், ஆறு மாதத்தில் அது பழைய கட்டில்களும் உடைந்த சேலைன் கம்பங்களும் வைக்கும் களஞ்சியமாகிவிடும். சாவி நிர்வாகக் கட்டடத்தில் வேண்டாம். கண் வார்ட்டின் தாதியர் மேசையில், பதிவேட்டோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
மலையகத்தின் கண் சத்திரசிகிச்சைக் கூடங்களில் பணிபுரியும் வைத்தியர்களும் தாதியர்களும்